வாயில் வைத்தாலும் பயமில்லாத தோட்டம்

நான் வேளாண்மை இளங்கலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். ஏழு வருடமாக எங்கள் நிலத்தில் நஞ்சு கிடையாது. இயற்கை வேளாண் இதழ்கள் எங்கள் வீட்டில் விதைப்பானைக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். அதையெல்லாம் படித்து வளர்ந்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிரால் ஒரு அம்மாவை நோகடித்துவிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பெரும்பாலும் மரக்கன்று நடுவோம், குளக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், பதாகை பிடித்து ஊர்வலம் போவோம். போன வருடம் எங்கள் திட்ட அலுவலர், "ஒரு சிறப்புப் பள்ளியில காய்கறித் தோட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கேக்குறாங்க, யாரு போறீங்க?" என்றார். தோட்டம்தானே, நமக்குத் தெரியாததா என்று கையைத் தூக்கினேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள், பத்தரைக்கெல்லாம் முடித்துவிட வேண்டும்.

அங்கே நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், பெருமூளை வாதத்தால் கைகால் இறுகிப்போனவர்கள். பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன் என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் தோட்டத்தில் அவர்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் சனிக்கிழமை நானும் இரண்டு தோழிகளும் போய் எட்டுப் பாத்தி பிடித்தோம். மண்ணைக் கொத்தி, மக்கிய குப்பை போட்டு, வாய்க்கால் இழுத்து, விதையும் போட்டாயிற்று. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது மூத்த சிறப்பாசிரியை, "நல்லாயிருக்கும்மா. உங்க தோட்டம் ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். சந்தோஷமாக வந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்த "உங்க" உறைத்தது.

அடுத்த வாரம் ஒழுங்காகச் செய்யலாம் என்று பிள்ளைகள் கையிலேயே விதையைக் கொடுத்தேன். இங்கே ஒரு வெட்கக்கேடு. வீட்டிலிருந்து விதை எடுத்துவர மறந்துபோய், வழியில் கடையில் ஒரு வெண்டை வீரிய விதைப் பொட்டலம் வாங்கிவிட்டேன். ரோஸ் கலரில் பளபளவென்று இருக்குமே, அதுதான். மிட்டாய் மாதிரி இருக்கிறது என்று ஒரு பையன் கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். ஆசிரியை பாய்ந்து வந்து விரலை விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாயைக் கழுவி, உடனே அவனை மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். விழுங்கவில்லை, தப்பித்தான். அந்த ரோஸ் கலர், விதை பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பூசிய திராம் போன்ற பூஞ்சாணக்கொல்லி. 'உண்ணத் தகாதது, நஞ்சு' என்று பொட்டலத்திலேயே அச்சடித்திருக்கிறது. பாடத்தில் விதை நேர்த்தி என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. பரணிலிருந்து சுரைக்குடுக்கையை இறக்கி, சாம்பல் போட்டு வைத்திருந்த நாட்டு வெண்டையையும் தட்டைப்பயறையும் துணியில் முடிந்து கொடுத்தார்.

சில பிள்ளைகள் மண், சுண்ணாம்பு, இலை என்று கைக்குக் கிடைத்ததை வாயில் வைப்பார்கள். சிலருக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம், சிலருக்கு ஒரு பொருளைத் தெரிந்துகொள்ளும் வழியே வாய்தான் என்று ஆசிரியை சொன்னார். அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: தோட்டத்தில் இருக்கிற எதுவும் ஒரு பிள்ளையின் வாய்க்குப் போகும் என்று நினைத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அந்த விதியை வைத்துப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கே கண் திறந்தது. நஞ்சு அடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. வரப்பில் பொறிப்பயிராக ஆமணக்கு வைக்கலாம் என்றிருந்தேன். அதன் கொட்டையில் இருப்பது கொடிய நஞ்சு, வேண்டாம். வேலியோரம் நின்ற அரளியை வெட்டினோம். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் கையில் பட்டு, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்? அதையும் விட்டோம். வேப்பெண்ணெயைக்கூடப் பூட்டி வைத்தோம். சின்னப் பிள்ளைகள் குடித்துவிட்டால் வாந்தி, வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். பச்சைச் சாணம் பாத்திக்குக் கிடையாது. நன்றாக மக்கி, மண் வாசம் வந்த எருதான் போடுவோம். வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு வலைமூடி. இயற்கை என்று பெயர் வைத்தாலே எல்லாம் பத்திரம் என்று நாம் கொஞ்சம் அலட்சியமாகத்தான் இருக்கிறோம். நம் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேப்பெண்ணெய் பாட்டில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அசுவினி வந்தபோது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். அதில் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட குஷி. பாதி அசுவினி போனது, எங்கள் உடுப்பு முழுக்க நனைந்தது.

இப்போது விதைப்பு. ஒரு தட்டைப்பயறு விதையை ஊன்றுவது நமக்கு ஒரே வேலை. ஆசிரியை அதை ஒன்பது வேலையாகப் பிரித்து எழுதி வைத்திருந்தார். பாத்திக்கு முன் உட்கார், குச்சியை எடு, கோடு போட்ட இடம் வரை குத்து, குச்சியை எடுத்துக் கீழே வை, கிண்ணத்திலிருந்து ஒரு விதை எடு, குழியில் போடு, மண்ணைத் தள்ளு, உள்ளங்கையால் தட்டு, தண்ணீர் ஊற்று. இதில் எனக்குப் புதிதாக இருந்தது, அவர் கடைசியிலிருந்து கற்றுக்கொடுத்த விதம். முதல் எட்டையும் நாம் பையனின் கையைப் பிடித்துச் செய்ய வேண்டும். ஒன்பதாவதை, அதாவது தண்ணீர் ஊற்றுவதை, அவன் தானாகச் செய்வான். அது பழகியதும் எட்டும் ஒன்பதும் அவனுக்கு. அப்புறம் ஏழு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் போனால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். முதலிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் முழிப்பான், நாம் பிடுங்கி முடிப்போம்.

ஒரு பையனுக்கு ஒன்பதும் சேர்ந்து வர நாலு மாதம் ஆனது. நாலு மாதத்தில் முதலில் போட்ட பயறு காய்த்து, பறித்து, செடி காய்ந்து, மறு விதைப்பே முடிந்துவிட்டது. "இவ்வளவு மெதுவா?" என்று என் தோழி கேட்டாள். ஆசிரியைக்குக் கோபமே வரவில்லை. "உங்க மாட்டை ஏர்ல பழக்க எவ்வளவு நாளாச்சுன்னு உங்க தாத்தாகிட்ட கேட்டியா?" என்றார். பிள்ளையை மாட்டோடு ஒப்பிடுகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது எங்கள் பொறுமையைப் பற்றி.

கீரை விதை விரலில் நிற்காது, மணலோடு கலந்து தூவக் கொடுத்தோம். பூசணி, அவரை, மொச்சை மாதிரிப் பெரிய விதைதான் நடுங்கும் கைக்குத் தோது. முள் கத்தரி வேண்டாம். இதெல்லாம் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவை.

அங்கே ஒரு பையனுக்கு 'கலக்கல்' என்று பெயர் வைத்தோம். பதினான்கு வயது, ஆட்டிசம், பேச்சு கிடையாது. வகுப்பில் மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் அங்கேயே நின்றுவிடுவான். பள்ளிக்கு அளவாக இருபது லிட்டர் வாளியில் ஜீவாமிர்தம் போட்டோம்: ஒரு கிலோ சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், வரப்பு மண் ஒரு பிடி. நீளமான வேப்பங்கம்பால் நான் வலஞ்சுழியாகக் கலக்குகிறேன், இவன் வந்து பக்கத்தில் நிற்கிறான். சுழியையே பார்க்கிறான். கம்பைக் கொடுத்தேன். ஒரே வேகம், ஒரே திசை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. எங்கள் வீட்டில் அப்பா ஒரு பாட்டு முடிவதற்குள் கைவலிக்கிறது என்று கம்பை என்னிடம் கொடுத்துவிடுவார். இவனிடம் கம்பை வாங்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. ஒருநாள் விளையாட்டாக எதிர்த்திசையில் கலக்கினேன், கையைத் தட்டிவிட்டான். வாசனை பிடிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் உண்டு, அவர்களை நாங்கள் கூப்பிடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி நான் சாவிக்கொத்தைத் தேடி ஓடினேன். ஆசிரியை தடுத்துவிட்டார். கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இரண்டு நிமிடத்தில் தெளிந்தான். காட்டு வேலையில் இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வரும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தரைப் பாத்தி எட்டாது. சமையல் எண்ணெய் வந்த டிரம்மை நீளவாக்கில் பிளந்து, அடியில் ஓட்டை போட்டு, இரண்டரை அடி உயர இரும்புத் தாங்கியில் வைத்தோம். முழங்கால் அடியில் நுழையும். டிரம் வாங்குகிறவர்கள் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் வந்தது ஆசிட் டிரம். பிள்ளைக்கு இடது கை மட்டும் கொஞ்சம் ஒத்துழைக்கும். அந்தக் கையால் ஆறு தட்டைப்பயறு ஊன்றினாள். ஒரு விதைக்கு ஐந்து நிமிடம்.

அவளுடைய அம்மாவிடம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

காசர்கோடு பற்றி உங்களுக்குத் தெரியும். முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள், 2000 வரைக்கும். கீழே குடியிருந்தவர்களின் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து நான் சின்ன வயதில் தூங்காமல் இருந்திருக்கிறேன். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கத் தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-ல் கேரள அரசுக்கு உத்தரவும் போட்டது. இதெல்லாம் என் தலையில் இருந்தது. சிறப்புப் பள்ளிக்குள் நுழைந்த நாளிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து, இதுவும் நஞ்சு செய்த வேலைதான் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். கட்டுரை ஒன்று எழுதும் எண்ணமும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த அக்கா பிள்ளையை விட வந்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காய்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர். "இவ வயித்துல இருக்கும்போது மருந்தடிச்ச காட்டுக்கெல்லாம் வேலைக்குப் போனீங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மற்ற நாட்களிலும் வரவில்லை என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். ஆசிரியை அதுவரை என்னை "நீங்க" என்றுதான் சொல்வார், அன்று மாறிவிட்டது.

"அந்தம்மாவுக்கு மாமியார் ஒரு காரணம் சொல்லுது, கிரகணத்துல வெளிய வந்தான்னு. குறி சொல்றவன் ஒரு காரணம் சொல்றான். புருஷன் குடிச்சிட்டு ஒண்ணு சொல்றான். எல்லாமே அவ செஞ்ச தப்புன்னுதான் முடியும். இப்ப நீ படிச்ச புள்ள, நீயும் ஒண்ணு கொண்டுட்டு வந்திருக்க."

பிறகு கொஞ்சம் தணிந்து விளக்கினார். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. பெருமூளை வாதத்துக்குக் குறைமாதம், பிரசவத்தில் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள்காமாலை, தொற்று என்று பல காரணம் உண்டு. ஆட்டிசத்துக்குப் பரம்பரைக்கூறு பெரிய காரணம், முழுசாக இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை பிறந்ததும் அழவில்லை, மூளைக்குக் காற்று போகவில்லை, மருத்துவர் குறிப்பே கோப்பில் இருக்கிறது. "காசர்கோடு நடந்தது நிஜம். அங்க ஊர் மொத்தத்துக்கும் மேல வருஷக்கணக்கா தெளிச்சான், வீடு வீடாப் போய்ப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க. அதைத் தூக்கிட்டு வந்து ஒரு அம்மா தலையில வைக்காதே. கேக்கணும்னா மருந்தடிச்ச மறுநாளே காய் பறிக்கக் கூப்பிட்டானே, அந்தக் காட்டுக்காரனைப் போய்க் கேளு."

ஞாயிற்றுக்கிழமை முகவரி வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். அக்கா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை உள்ளே பாயில் கிடந்தாள், என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டுச் சிரித்தாள். "மன்னிச்சிருங்கக்கா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"போனேன் பாப்பா. ஏழு மாசம் வரைக்கும் போனேன். போகலேன்னா சோத்துக்கு என்ன பண்ண? நான் அடிக்கல, அடிச்ச செடியில காய் பறிச்சேன். கையெல்லாம் அரிக்கும், ராத்திரி தலை வலிக்கும். அதனாலதானோ அதனாலதானோன்னு நானே எத்தனை ராத்திரி நினைச்சிருக்கேன். டாக்டர் இல்லைன்னு சொன்னாரு, ஒரு வழியா விட்டேன். நீ கேட்டதும் திரும்ப ஆரம்பிச்சிருச்சு."

எனக்குப் பேச ஒன்றுமில்லை. காபி கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது அவராகவே, "இவ வச்சது மொளைச்சுச்சா?" என்றார்.

"நாலு மொளைச்சிருக்குக்கா."

"ஆறு வச்சான்னு சொன்னாக."

"ரெண்டை எறும்பு தூக்கிருச்சு."

அதற்குச் சிரித்தார். மூன்றாம் வாரம் இருவரும் வந்தார்கள்.

என் 240 மணி நேரம் முடிந்து சான்றிதழும் வந்துவிட்டது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்கத்தான் இதை எழுதத் தொடங்கினேன். 2016-ஆம் வருடச் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை இருக்கிறது. பதினெட்டு முடிந்தால்? பெரும்பாலும் வீட்டுத் திண்ணைதான். கலக்கலுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. பள்ளிக்குப் பிறந்தநாள் சாப்பாடு போட வருகிறவர்கள் நிறையப் பேர், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். காட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வந்தவர் இதுவரை ஒருவர்தான், அப்பாவின் நண்பர். பள்ளியை முடித்த இரண்டு பேர் வாரத்தில் இரண்டு நாள் அவர் தோட்டத்தில் விதைக்கடலை பொறுக்குகிறார்கள். சொத்தை ஒன்று தப்புவதில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஆசிரியை அவரிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "கூலி மத்தவங்களுக்கு எவ்வளவு?" அதே கூலி என்று சொன்ன பிறகுதான் அனுப்பினார். நம்மிடம் ஜீவாமிர்தம் கலக்குவது, விதை பிரிப்பது, மூடாக்குப் பரப்புவது என்று ஒரே மாதிரி, பதறாமல் செய்கிற வேலை எவ்வளவோ இருக்கிறது. நஞ்சடிக்கிற தோட்டத்துக்கு இவர்களை அனுப்பவே முடியாது, வாயில் வைத்துவிடுவார்கள். நம் தோட்டத்துக்கு அனுப்பலாம். உங்கள் பக்கத்து ஊரில் ஒரு சிறப்புப் பள்ளி இருக்கும், ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள். போகும்போது காரணம் மட்டும் கேட்காதீர்கள்.

போன மாதம் டிரம்மில் இருந்த நாலு செடியும் காய்த்தன. அக்கா ஒரு பிஞ்சைக் கிள்ளி, பிரித்து, உள்ளே இருந்த பச்சைப் பயறை நகத்தால் நசுக்கினார். பிள்ளையின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மருந்து எதுவும் அடிக்கலைல்ல?" என்றார்.

"இல்லக்கா. வெறும் தண்ணிதான்."

நாக்கில் வைத்தார்.